மீன் செதில் ஒட்டிய ஐந்தாம் வகுப்பு

எடித்தா பலோமார் ஐந்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினாள். மதிப்பெண் அட்டையில் பெயர் மட்டும் அவள் மகன் ஜேரிக்குடையது.

இதில் அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொரோனா வந்தது, பள்ளியைப் பூட்டினார்கள். இணையத்திலேயே பாடம் நடத்திவிடலாம் என்று மணிலாவில் எந்த மகராசனோ சொன்னானாம். எங்கள் தீவில் சிக்னல் வேண்டுமென்றால் தேவாலயத்து மணிக்கூண்டில் ஏற வேண்டும். பாதிரியார் ஏற விடமாட்டார். ஆகவே பாடத்தைத் தாளில் அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். பெற்றோர் வாங்கிப் போக வேண்டும், பிள்ளை விடை எழுத வேண்டும், பெற்றோர் அடியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். நடுவில் பிள்ளை என்று ஒன்று வருகிறதே, அதை ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகள் கடலில் குதித்தார்கள், தாய்மார்கள் எழுதினார்கள்.

மற்றவர்கள் தலையெழுத்தே என்று எழுதினார்கள். எடித்தா ஆசை ஆசையாக எழுதினாள். அவளுக்குப் பிழைப்பு கருவாடு. காலையில் சாளையைக் கீறி, உப்பில் தோய்த்து, மூங்கில் தட்டியில் பரப்பிவிட்டால், மீனைத் திருப்பிப் போடும்வரை கொஞ்சம் நேரம் கிடைக்கும். தட்டிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கையால் ஈ விரட்டிக்கொண்டே பின்னக் கணக்குப் போட்டாள். நாலாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர இத்தனை வருஷம் கழித்து வழி கிடைத்ததில் சந்தோஷம் தாங்கவில்லை. அது மகனுடைய வழி என்பது அப்போது உறைக்கவில்லை.

பள்ளி திறந்தது. ஜேரிக் ஆறாம் வகுப்புக்குப் போனான். எடித்தாவுக்குத் தாள் நின்றுபோனது. நேரே போய் டீச்சர் ரோவேனாவிடம் கேட்டாள்.

“மேம், இனிமே தாள் வராதா?”

“பசங்கதான் ஸ்கூலுக்கே வர்றாங்களே, அக்கா. உங்களுக்கு எதுக்கு?”

எடித்தா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“ஜேரிக் தாள்ல எப்பவும் மீன் செதில் ஒட்டியிருக்கும்” என்றார் ரோவேனா. “அவன் மீனைக் கையால தொடமாட்டான்னு ஊருக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா மார்க் போட்டீங்க?”

“எல்லா அம்மாவும்தான் எழுதினாங்க. சரியா எழுதினது நீங்க ஒருத்தர்தான். எல்லாரையும் ஃபெயிலாக்கிட்டு நான் எங்க கொண்டுபோய் உட்கார வைக்கிறது?”

சனிக்கிழமைகளில், படிப்பை விட்ட பெரியவர்களுக்காகக் கூடைப்பந்து மைதானத்துக் கூரைக்கடியில் அரசு வகுப்பு நடந்தது. அதற்கும் ரோவேனாதான் டீச்சர். தாள்களை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் பெயரைத் தேர்வுக்கு அனுப்புவார். தேறினால் தொடக்கப்பள்ளி முடித்த சான்றிதழ், அதுவும் சொந்தப் பெயரில். எடித்தா அன்றைக்கே சேர்ந்துவிட்டாள்.

“சர்டிபிகேட்டை வாங்கி மீனுக்கா காட்டப்போற?” என்று கேட்டாள் பக்கத்துத் தட்டிக்காரி நெனெத்.

“உனக்குத்தான்டி காட்டப்போறேன்” என்றாள் எடித்தா.

தேர்வுக்கு முந்தின கடைசித் தாள் வந்த சமயம் பார்த்துக் கடலில் சாளை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எடித்தா தாளின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தால் எல்லாம் எழுதியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் தானே எழுதிவிட்டதாக நினைத்து, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். உழைத்த உடம்பு அப்படித்தான் நினைக்கும்.

ரோவேனா அவளைத் தனியாக அழைத்தார்.

“இது நீங்க எழுதினதில்ல, அக்கா. முக்காலோட அரையைக் கூட்டினா, முக்காலை விடக் குறைச்சலா வருது. வேற யாரோ எழுதினதை வச்சு உங்க பேரை நான் அனுப்ப முடியாது.”

எடித்தா வீட்டுக்குப் போன வேகத்தில் கோழிகள் சிதறின.

“நான்தான் எழுதினேன்” என்றான் ஜேரிக். “நீ தூங்கிட்ட. பாவமா இருந்துச்சு.”

“உன்னை யாருடா எழுதச் சொன்னா?”

“உன்னை யாரு சொன்னா? வருஷம் பூரா எனக்கு எழுதினியே.”

ஈ விரட்டும் மட்டையை ஓங்கியவள் அப்படியே நின்றாள். “அதுக்காக, கூட்டல்கூடவாடா தெரியாது? போன வருஷம் படிச்சதுதானே?”

“போன வருஷம் படிச்சது நீ” என்றான் ஜேரிக்.

எடித்தா மட்டையைக் கீழே போட்டாள். அவனுக்குப் போக வேண்டிய ஐந்தாம் வகுப்பைத் தானே தின்று ஏப்பம் விட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. கையெல்லாம் உப்பு, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

ரோவேனாவிடம் நடந்ததைச் சொல்லிப் புதுத் தாள் வாங்கி வந்து, முழுவதையும் தானே எழுதினாள். அடியில் ‘பெற்றோர் கையெழுத்து’ என்று அச்சடித்திருந்தது; சின்னப் பிள்ளைகளின் தாளைத்தான் பெரியவர்களுக்கும் கொடுத்திருந்தார்கள். எடித்தாவின் பெற்றோர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். ஜேரிக் பேனாவை எடுத்தான்.

“நான் போடறேன். முதல்ல இந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லு. தெரியாம கையெழுத்துப் போடமாட்டேன்.”

அவள் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். மீனைத் திருப்பிப் போடும் நேரம் வந்தது, தாண்டியும் போனது. நெனெத் அங்கிருந்து கத்தினாள். இருவர் காதிலும் ஏறவில்லை. அன்றைய கருவாடு ஒரு பக்கம் விறகாகிவிட்டது. ஜேரிக் கையெழுத்துப் போட்டான்.

எடித்தாவின் பெயர் தேர்வுக்குப் போனது. அதே சமயம் ஜேரிக்குக்கும் பள்ளியில் கணக்குப் பரீட்சை வந்தது. பாதிக்குப் பாதி தப்பு. எடித்தா அந்த விடைத்தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள்.

“இதைப் போய்க் காட்டறியே, மானம் போகலையாடி?” என்றாள் நெனெத்.

“நல்லாப் பாரு” என்றாள் எடித்தா. “தப்பும் அவனே, சரியும் அவனே. ஒண்ணுகூட நான் எழுதலை.”