பெயர் சொல்லாமல் கூப்பிட்ட குரல்

காத்து கருப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ கிளாஸோடு எழுந்து வேறு பக்கம் போய்விடுகிற ஆள் நான். பல்லி கத்தினால்கூட அம்மா அர்த்தம் சொல்வாள், நான் காதில் வாங்கியதே இல்லை. படித்த திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அம்மா காசிமேட்டில் மீன் அரிந்து கொடுப்பவள், இரண்டு பேருமே கைநாட்டு. நான் பி.காம். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்கிறேன் என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நடந்தது பட்டப்பகலில், காலை பதினொரு மணிக்கு, சுற்றி ஆட்கள் இருக்கும்போது.

திருவொற்றியூரில் மணலி போகிற ரோட்டில் இருக்கும் ஒரு யார்டில் எனக்கு வேலை. எண்ணெயும் கெமிக்கலும் ஏற்றி வருகிற டாங்கிகளைக் காலி செய்து, உள்ளே ஆள் இறங்கி, சுரண்டிக் கழுவி அனுப்புகிற இடம். நான் இறங்குகிறவன் இல்லை, டைம் ஆபீஸில் உட்கார்ந்து யார் எப்போது இறங்கினார், எப்போது ஏறினார் என்று எழுதுகிறவன். டாங்கி வாய் ஒரு ஆள் நுழைகிற அளவுதான் இருக்கும். உள்ளே வாடை தலைக்கு ஏறிவிட்டால் கத்தக்கூட வராது, அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் பத்து நிமிடம்தான் கணக்கு. பத்து நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே.

நோட்டுப் புத்தகத்தை ஒழித்துவிட்டு கம்பெனி ஒரு ஆப் கொண்டுவந்தது. டாங்கி மேலே, வாய்ப் பக்கத்தில் ஒரு மொபைலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும். இறங்குகிறவர் பெயரைத் தொட்டால் நேரம் ஓடும், வெளியே வந்ததும் தொட்டால் நிற்கும். நல்லதுதான், ஆனால் பத்து நிமிடம் தாண்டினால் அது பாட்டுக்குச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், யாரையும் எழுப்பாது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

கோடிங் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் இப்போது அது தேவையில்லை. ஒரு இணையதளம் இருக்கிறது, அதில் பெட்டி பெட்டியாக இருக்கும், ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் போதும். முதல் பெட்டியில் நேரம் குறிக்கிற ஆப், இரண்டாவதில் எழுத்தைக் குரலாக மாற்றுகிற சேவை, மூன்றாவதில் விளக்குக் கம்பத்தில் நான் கட்டிய ஸ்பீக்கர். மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். இன்னார் உள்ளே இறங்கினார். இன்னாருக்குப் பத்து நிமிடம் ஆகிவிட்டது, வெளியே வரவும். இன்னார் வெளியே வந்துவிட்டார். ஆப்பில் இருக்கும் பெயர் தானாகப் போய் அந்த இடத்தில் உட்காரும். மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பெயர்களைக்கூட நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே ஏற்றியிருந்தேன். ஆறு பேர். கஜா அண்ணன், சலீம் பாய், டில்லி, அப்புறம் மூன்று பேர். முதல் நாள் கம்பத்திலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று, "சலீம் பாய் உள்ளே இறங்கினார்" என்றபோது அவர் டாங்கிக்குள் பாதி இறங்கியவர் தலையை வெளியே நீட்டினார்.

"எம்மாம் மரியாதையா சொல்லுது பாரு நைனா. எங்க வூட்ல கூட என்னிய இப்டி கூப்ட்டது இல்ல."

"உன்னிய வெளிய வரச் சொல்றதுக்கு ஒரு பொம்பள வேண்டியதா பூச்சு," என்றார் கஜா அண்ணன். அவரும் சலீம் பாயும் ஜோடி. தண்டையார்பேட்டையில் பக்கத்துப் பக்கத்துத் தெரு, பத்து வருடத்துக்கு மேல் சேர்ந்தே இறங்கிச் சேர்ந்தே ஏறுகிறவர்கள். அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு மெஷின் அக்கா என்று பெயர், எனக்கு பி.காம் என்று பெயர். வீட்டில் அம்மா அந்தக் குரலை மொபைலில் ஐந்தாறு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது, அதை நான் யோசிக்கவில்லை. ரப்பர் கிளவுஸ் போட்ட கைக்கு மொபைல் கேட்காது. அதனால் இறங்குகிறவர்கள் தொடுவதில்லை, டாங்கி வாயில் காவலுக்கு நிற்கிற ஆள்தான் எல்லாருக்கும் சேர்த்துத் தொடுவார். நான் சொல்ல வந்த அந்த நாளில் நின்றது டில்லி. கஜா அண்ணன் வெளியே வந்து, "பாய் பின்னாடியே வந்துகினு கீறான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். ஜோடி எப்போதும் ஒன்றாகத்தானே வரும், டில்லி இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத் தொட்டு நிறுத்திவிட்டு டீ வாங்கப் போய்விட்டான். கம்பத்துக் குரலும் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டது. பாதி ஏறிய சலீம் பாய், உள்ளே விட்ட சுரண்டியை எடுக்கத் திரும்ப இறங்கியது யாருக்கும் தெரியாது.

ஆப்பைப் பொறுத்தவரை அந்த நிமிடம் டாங்கிக்குள் யாருமே இல்லை. புரிகிறதா? நான் இழுத்த கோடுகள் அத்தனையும் சரியாக வேலை செய்து, அவர் உள்ளே இல்லை என்று ஊருக்கே சொல்லிவிட்டன.

ஒரு நிமிடம் போயிருக்கும். ஸ்பீக்கர், "உள்ளே இறங்கினார்" என்றது. அவ்வளவுதான். முன்னால் பெயர் இல்லை.

கை துடைத்துக்கொண்டே கஜா அண்ணன் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பி.காம், உன் அக்கா பேர முழுங்கிட்டா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கோ ஒரு பெட்டியில் தப்பு செய்திருக்கிறேன் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து தேட ஆரம்பித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டில்லி டீயோடு வந்துவிட்டான், எல்லாரும் நிழலில் உட்கார்ந்து குடித்தார்கள். சலீம் பாய் வீட்டுக்குப் போன் பேசக் கேட் பக்கம் போயிருப்பார் என்று நினைத்தார்கள், அவர் வழக்கம் அது. நான் தேடிக்கொண்டே இருந்தேன், நேரம் போனது தெரியவில்லை.

அப்போது மறுபடியும் அந்தக் குரல். "பத்து நிமிடம் ஆகிவிட்டது, வெளியே வரவும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெயர் சொல்லியிருந்தால் அந்த ஆளைத் தேடியிருப்பார்கள். பெயர் இல்லாததால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். கஜா அண்ணன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"டேய் டில்லி, பாய் எங்கடா?"

"அவரு உன்கூடவே வந்துட்டாருல்ல?"

"நீ பாத்தியா?"

டில்லி டாங்கியைத் திரும்பிப் பார்த்தான். கஜா அண்ணன் டாங்கி மேல் ஏறிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஏணிக்குக் கீழே சலீம் பாய் சுவரில் சாய்ந்து, தலை தொங்க உட்கார்ந்திருக்கிறார். நல்ல வேளை, இடுப்புக் கயிறு மாட்டியபடியே இருந்தது. காற்று ஊதுகிற மிஷினை உள்ளே திருப்பிவிட்டு, நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். நானும் இழுத்தேன், கை தோல் உரிந்துவிட்டது. வெளியே கிடத்தி ஆக்சிஜன் வைத்தோம். கஜா அண்ணன் அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "தோஸ்து, கண்ணத் தொறடா, பேஜாரு பண்ணாத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்தது. கண் திறந்தது. சலீம் பாய் முதலில் கேட்டது சுரண்டியைத்தான்.

நாங்கள் எல்லாரும் அவரைச் சுற்றித் தரையில் இருக்கிறோம். டாங்கி மேல் ஒருவரும் இல்லை. மொபைல் கயிற்றில் தனியாகத் தொங்குகிறது. பாய் வெளியே வந்து நாலு நிமிடம் கழித்து, ஸ்பீக்கர் நிதானமாக, "வெளியே வந்துவிட்டார்" என்றது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

நான் படித்தவன் அல்லவா, விடுவேனா. மறுநாள் ஆப்பைத் திறந்து பார்த்தேன். டில்லி இரண்டு பேரையும் நிறுத்திய ஒரு நிமிடத்தில் ஒரு புது வரி தொடங்கியிருக்கிறது. நாங்கள் பாயைத் தரையில் கிடத்தி நாலு நிமிடம் ஆன பிறகு முடிந்திருக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. எந்த மொபைலில் இருந்து தொட்டது என்று ஒரு கட்டம் உண்டு, அதுவும் காலி. பெயரைத் தேர்ந்தெடுக்காமல் அந்த ஆப்பில் நேரத்தை ஓட்டவே முடியாது, நானும் எத்தனையோ தடவை முயற்சி செய்துவிட்டேன், பெயரைத் தேர்ந்தெடு என்று சிவப்பில் எழுதிக்கொண்டு நிற்கும். ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். இப்படி ஒரு பதிவு உருவாக வழியில்லை என்று பதில் வந்தது. அந்த வரியின் படத்தை அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஏதோ கோளாறு என்று நீங்கள் சொல்லலாம். மேனேஜரும் அதைத்தான் சொன்னார், அழித்துவிடு என்றார். அழிக்கிற பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது. நான் தொடவில்லை. கோளாறாகவே இருக்கட்டும், அது சரியாகப் பாய் தனியாக மாட்டிக்கொண்ட நேரத்தில் தொடங்கி, அவர் கண் திறந்த பிறகு முடிந்த கோளாறு.

இப்போது நான் அதைத் திருத்தி அமைத்திருக்கிறேன். உள்ளே இருந்த ஆள் கிளவுஸைக் கழற்றித் தன் கையாலேயே தொட்டால்தான் நேரம் நிற்கும், காவல் ஆள் டாங்கி வாயை விட்டு நகரக் கூடாது. கம்பெனியின் மற்ற யார்டுகளிலும் இதே குரல்தான் இப்போது ஒலிக்கிறது. அங்கே போய்க் கோடு இழுத்துக் கொடுத்து வந்தவன் நான். சலீம் பாய் திரும்பி வந்து கஜா அண்ணனோடு இறங்குகிறார், யார் புதிதாக வந்தாலும் என்னைக் காட்டி, "நம்ம பி.காம் செஞ்சது" என்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளே என்ன ஆகும் என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவையும் ஒரு நாள் அழைத்து வந்து கம்பத்தைக் காட்டினேன்.

போன மாதம் ஒரு புது ஆள் சேர்ந்தார். ஆறு பெயருக்குக் கீழே அவர் பெயரை ஏற்றிச் சேமித்தேன். மேலே, குழுவில் எட்டுப் பேர் என்று காட்டியது. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன், ஏழு பெயர்தான். இன்று காலைகூடப் பார்த்தேன், எட்டுதான் காட்டுகிறது. அதைத் திருத்தச் சொல்லி நான் யாருக்கும் எழுதவில்லை.