கரையில் நின்றவள்

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்வது அக்காவின் வேலை. வாய் ஓயாத பிறவி. ஆனால் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்கரைப் படத்தின் முன்னால் வந்தால் மட்டும் குரல் தழுதழுக்கும். கறுத்த கடல், தூரத்தில் ஒரு பாய்மரப் படகு, கரையில் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண். "படகு திரும்பி வருது. அதுக்காகத்தான் இவ காத்துக்கிட்டு நிக்கறா" என்பாள். கேட்பவர்களில் ஒருவராவது மூக்கை உறிஞ்சினால்தான் அடுத்த படத்துக்கு நகர்வாள்.

காரணம் இருந்தது. அவளுடைய ஒரே தம்பி கல்யாணமான கையோடு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன், போனவன்தான். கப்பல் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி மனைவியைப் பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். மறுமணத்துக்கு நல்ல இடமும் வந்தது. போகக்கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் பெண்ணைக் கையோடு இழுத்து வந்து இந்தப் படத்தின் முன் நிறுத்தி, "இவளைப் பாரு. நூறு வருஷத்துக்கு மேல நிக்கறா. உன்னால முடியாதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அக்காவின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் கிளம்பினால் தம்பி செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தத் தெம்பு அக்காவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

வருடங்கள் ஓடின. பிறந்த வீட்டார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு ஒருநாள் படத்தைச் சுத்தம் செய்யக் கழற்றினார்கள். திரும்ப மாட்டியபோது கடல் பளிச்சென்று இருந்தது. கரை காலியாக இருந்தது.

"அந்தப் பொம்பளையப் பிற்காலத்துல யாரோ மேல வரைஞ்சு சேர்த்திருக்காங்கம்மா, அந்தப் பூச்சை எடுத்துட்டோம்" என்றார் சுத்தம் செய்தவர். "வெறும் கடலை யாரு வாங்குவா? விக்கறதுக்காக ஒரு ஆளை நிறுத்தி வச்சிருக்காங்க. அப்புறம் அந்தப் படகு வரலை. பாய் புடைச்சிருக்கற பக்கத்தைப் பாருங்க, போகுது."

அக்கா வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் ஒருநாள் அக்கா மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தம்பி மனைவியே அருங்காட்சியகத்துக்கு வந்து நின்றாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணி, அவ எங்க?"

அக்கா சொன்னாள், "இல்லம்மா. போயிட்டா."

"அவளாவது போனாளே."

டப்பாவைப் பெஞ்சில் வைத்தாள். "ஆறிடும், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அக்காவின் வீட்டுக்கே திரும்பிப் போனாள். போவதற்கு அவளுக்கு வேறு வீடு இல்லை.