தெளிவைக் குறைத்த மாலை

என் கணவர் பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர். விடுமுறை நாளிலும் அவருக்குப் பேருந்துதான். எங்கள் மகள் கயலின் லேப்டாப்பில் பேருந்து ஓட்டும் கேம் ஒன்றை ஆசையாக ஏற்றச் சொன்னார். அந்த லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால், கேம் திக்கித் திக்கி நின்றது.

கயல் நிழல்களை நீக்கினாள், மரங்களைக் குறைத்தாள். அப்போதும் சரிவரவில்லை. இறுதியில் படத்தின் தெளிவையே அடிமட்டத்துக்கு இறக்கினாள். பேருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் சாலை கட்டம் கட்டமாகச் சிதைந்து, எதிரே வந்த லாரி வெறும் சாம்பல் நிறக் கறையாகத் தெரிந்தது.

"இப்போ சூப்பரா கீது கண்ணு!" என்றார் அவர்.

"கலாய்க்காத நைனா. அந்த போர்டுல இன்னா எழுதிகீது, படி பாப்போம்."

"ஓட்றவன் போர்டையா படிச்சிகினு இருப்பான்?"

கயல் சிரித்தபடி தெளிவை உச்சத்துக்கு ஏற்றினாள். பின்னால் நின்ற எனக்கே பலகையின் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அவர் திரையையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாத்த மாத்துன? அப்டியேதான கீது?"

கயலின் சிரிப்பு நின்றது. முந்தைய நாள்வரை அந்தக் கண்களை நம்பி ஒரு பேருந்து நிறைய மனிதர்கள் உறங்கிக்கொண்டே பயணம் செய்திருக்கிறார்கள்.

எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்ததுமே அவருக்கும் புரிந்துவிட்டது. அவரே சூப்பர்வைசரை ஃபோனில் அழைத்தார்.

"சார், நாளைக்கு வேற டிரைவர போட்டுக்கோங்க. நான் டாக்டராண்ட கண்ண காட்டிட்டு வரேன்."

வேலை நிலைக்குமா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. அவருடைய கையைப் பற்றிக்கொண்டேன். இத்தனை ஆண்டு வாழ்க்கையில் அவரை நான் அவ்வளவு மதித்தது அந்த நொடியில்தான்.