ஸ்டோர் நாற்றம் வராத காலை

கொரோனா காலத்தில் தெஹியோவிட்ட பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் நான் மருத்துவிச்சி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் ‘மிஸ்ஸி’. பிசிஆர் முடிவு வந்தால், தமிழ் தெரியாத சுகாதாரப் பரிசோதகர் மாத்தயாவோடு போய் வீட்டுக்காரர்களிடம் தமிழில் சொல்வதும் என் வேலைதான். கொஞ்ச நாளில் என் குடையைக் கண்டாலே கதவுகளைச் சாத்தினார்கள்.

மகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். தூக்கம் போய்விட்டது. வாசம் தெரியாவிட்டால் நோய் வந்துவிட்டது என்றார்கள் அல்லவா? எனக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. விடிந்ததும் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டுவேன். கீழே, மரத்துப் பாலை உறையவைத்துப் புகைபோடும் றப்பர் ஸ்டோர். புளித்த பாலும் புகையுமாக நாற்றம் குப்பென்று ஏறும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஆசையாக இழுத்துக்கொள்வேன்.

ஒரு காலை நாற்றம் வரவில்லை. எத்தனை வீட்டுக்குள் போனேன், எந்தக் குழந்தையைத் தூக்கினேன் என்று மனம் ஓடியது. ஊரெல்லாம் எனக்குக் கதவைச் சாத்தியது போதாதென்று நானும் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சோப்பை முகர்ந்து பார்க்கக்கூடப் பயம்.

அந்த நேரம் பார்த்து, றப்பர் பால் வெட்டும் செல்வம் மழையில் நனைந்தபடி வந்து தட்டினான். மனைவி கலாவுக்கு வலி கண்டுவிட்டதாம். பாதையில் மண் சரிந்து அம்புலன்ஸ் கீழேயே நிற்கிறதாம்.

“நான் வர ஏலாது தம்பி. எனக்கு வாசம் தெரியல. ஸ்டோர் நாத்தமே வரல,” என்றேன் உள்ளிருந்தே.

அவன் ஜன்னல் பக்கம் வந்தான்.

“மழைக்கு ரெண்டு நாளா வெட்டு இல்லையேங்க மிஸ்ஸி. ஸ்டோரையும் நேத்து பூட்டிட்டாங்களே.”

மழை பெய்தால் பால் வெட்டு நிற்கும். லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? பயம் அதைக்கூட மறக்கடித்திருந்தது. சோப்பை எடுத்து முகர்ந்தேன். மணத்தது. மாஸ்க்கின் மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு பையோடு ஓடினேன்.

பெண் குழந்தை அவர்களின் ஒற்றை அறை லயக் காம்பிராவிலேயே பிறந்தது. இருவரும் சுகம். நான் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கலா அதைப் பார்த்துவிட்டாள்.

“மிஸ்ஸி, நீங்க ஒழுங்கா தூங்குறீங்களா?”

மேலிடத்திலிருந்து தினமும் போன் வரும், எத்தனை பேருக்குத் தொற்று என்று கேட்க. என்னைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். மறுநாள் எங்கள் டொக்டரிடம், எனக்குக் காய்ச்சல் இல்லை, பயம்தான் என்று சொன்னேன். தனக்கும் தூக்கம் இல்லை என்றார் அவர்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் வேலை செய்கிறவரிடம் தூங்கினீர்களா என்று கேளுங்கள். உங்களிடம் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். கதவைத் தாழிட்ட நாள்வரை நானும் எனக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.