ஏமாற்று இல்லாத குலுக்கல்

போன சனிக்கிழமை, ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செல்வமணி அண்ணன், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்ற நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா?

அண்ணன் கொழுந்து லோரி ஓட்டியவர். அவர் மனைவி பார்வதி அக்கா முப்பது வருடம் மலைச்சரிவில் கொழுந்து எடுத்தவர். வயதாகி வேலை முடிந்தால் வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் — தோட்டத்து வழக்கம். தாப்பாவில் சின்னதாக ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்ட, சேமநிதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன் அண்ணன் தானா ராத்தாவில் என் வீட்டுக்கு வந்தார். நான் கணக்கு டீச்சர். அவர் மகளுக்குப் பாடம் சொன்னவள். போனை நீட்டினார். ஏதோ ஒரு கிரிப்டோ காயின் கம்பெனி நடத்தும் குலுக்கல். பரிசு, ஈப்போவில் ஒரு வீடு. மகள் வாழ்க்கைப்பட்ட ஊர்!

"இதுல ஏமாத்து இருக்கா டீச்சர்? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சீட்டு வாங்க, முதலில் காசு கொடுத்து அவர்களுடைய காயினை வாங்க வேண்டும். கொடுத்த காயின் யாராலும் திறக்க முடியாத ஒரு கணக்குக்குப் போய்விடும். அதைத்தான் 'எரிப்பது' என்கிறார்கள். சீட்டு விற்பனை முடிந்த பிறகே, பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஓர் எண் பிறக்கும். வெற்றிச் சீட்டு எது என்பதை அந்த எண்தான் சொல்லும். முன்கூட்டி யாருக்கும் தெரியாது, பின்னால் யாரும் மாற்ற முடியாது. பழைய குலுக்கல்களை நானே கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தியது. எனக்கு ஒரே பெருமை...

"ஏமாத்து இல்லண்ணே" என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். மொத்தம் எத்தனை லட்சம் சீட்டு என்பதும் அதே திரையில்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஒன்றோ இரண்டோ வாங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

குலுக்கல் அன்று மத்தியானம், ரிங்லெட்டில் ஒரு மாமாக் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து இருவரும் போனைப் பார்த்தோம். அப்போதுதான் சொன்னார் — முன்பணம் முழுவதையும் சீட்டாக்கிவிட்டாராம். அக்காவுக்குத் தெரியாதாம். நான் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன்.

எண் வந்தது. வெற்றிச் சீட்டு அவருடையது இல்லை. நன்றாகப் பார்க்கச் சொன்னார். கடைக்காரரிடம் பேனா வாங்கிக் கணக்குப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. எங்காவது தப்பாக இருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன்.

அண்ணன் கோபப்படவில்லை. 

"எவனாச்சும் திருடியிருந்தா போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கலாம்லா டீச்சர். நியாயமா போனதுக்கு எங்க போயி கேக்குறது?"

இன்னொன்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. நடத்துகிறவர்கள் கையில் அதே காயின் மலையாகக் குவிந்திருக்கிறது. ஊரார் வாங்கியது எரிய எரிய, அவர்களுடையதற்கு மதிப்பு ஏறும். இதிலும் ஒளிவுமறைவு கிடையாது... அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நானும் படித்திருந்தேன்.

சனிக்கிழமை லோரி நிறைந்தது. இனி மகளின் வாடகை வீட்டில், ஹாலில்தான் படுக்கை. அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்.

"அந்தக் காச எரிச்சிட்டாங்கன்னு சொல்றாரு. அவங்களுக்கு வேணாம்னா யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்ல டீச்சர்?"

லோரி கிளம்பிவிட்டது.

காசை நேர்மையாக எரிக்க எத்தனையோ மூளைகள் வேலை செய்கின்றன. கொழுந்து எடுத்தவளுக்கு ஒரு கூரை கொடுக்கத்தான், இன்னும் ஒருத்தருக்கும் கணக்கு வரவில்லை.