நான் மிதித்த முதுகு

மூன்று வருஷத்துக்கு முந்தி, கோடை லீவு முடிந்து கல்லூரிகள் திறக்கப்போகிற சமயம். ராஜபாளையத்தில் என் வீட்டு முன்னறையில், விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். என் தங்கை புருஷன் பாயில் குப்புறப் படுத்திருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் இடுப்பில் வைப்பதற்காக வலது காலைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அக்கம்பக்கத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு போய் யார் முதுகிலாவது நிறுத்துவார்கள். பெரியவனாகிப் படித்து, கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கப் போன பிறகு அதையெல்லாம் வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்றேன். மனைவியும் போய்விட்டாள். வீட்டுக்கு ஆள் வருவதே நின்றுவிட்ட நாளில், பழைய கதையை யாரிடமோ கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிதித்தேன். வெறும் சதைப் பிடிப்பு, தானாகவே சரியாகியிருக்கும். ஆனாலும் "சார் காலு ராசியான காலு" என்று பேச்சுப் பரவியது. வத்திராயிருப்பிலிருந்துகூட ஆள் வந்தார்கள். நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் காலையில் வாசலில் யாராவது எனக்காகக் காத்திருப்பது பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

தங்கை குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மாப்பிள்ளை ஒரு தனியார் கல்லூரிக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க உட்கார்ந்த இடம், இடது காலில் கிளட்ச். அந்தக் கோடையில் அவருக்கு வலி வந்தது. பாயில் படுப்பதற்கு முன்னால் எனக்குச் சொன்னார்: "பின்பக்கத்துல ஆரம்பிச்சு, தொடை வழியா எறங்கி, கெண்டைக்கால் ஓரமாவே பெருவிரல் வரைக்கும் கரண்டு மாதிரி ஓடுது மச்சான். இருமுனா உயிர் போகுது. காலேஜ் தொறக்குறதுக்குள்ள சரி பண்ணி விட்ருங்க. இல்லன்னா வேற ஆளப் போட்ருவான்."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் விரலால் காட்டிய வழி எனக்குத் தெரிந்த வழி. வருஷா வருஷம் ஆய்வுக்கூடத்தில் தவளையின் தொடைச் சதையை விலக்கி, வெள்ளை நூல் மாதிரி பளபளக்கிற நரம்பைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். சயாட்டிக் நரம்பு. இடுக்கி முனை லேசாகப் பட்டாலே கால் துடிக்கும். மனுஷனுக்கும் அது கீழ்முதுகில் கிளம்பிக் காலுக்கு இறங்குகிறது. முதுகில் அதன் வேர் நசுங்கினால் வலி காலில் தெரியும். அதற்குத்தான் சயாட்டிகா என்று பெயர். இது பிடிப்பு இல்லை, நரம்பு என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் காலுக்கு என்ன மரியாதை?

மூன்று தடவை மிதிப்பது வழக்கம். மூன்றாவது மிதியில் அவர் கத்தவில்லை. செத்த நேரம் கழித்து, "கால் எங்க கெடக்குன்னே தெரியல மச்சான்" என்றார். எழுப்பி உட்கார வைத்தேன். சிரிக்கப் பார்த்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்ததும் இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி கழன்றது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. "நரம்பு விடும்போது அப்படித்தான் இருக்கும், போய்ப் படுங்க" என்று சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டேன். படித்த வாய்தான் அப்படிச் சொன்னது.

அடுத்தடுத்த நாளில் வலி கூடியது. தங்கை போனில் அழுதாள். நானும் போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தது ஒரு பெண். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே மெதுவாக உயர்த்தினார். பாதி உயரம் போவதற்குள் மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். பிறகு அவருடைய பெருவிரலின் மேல் தன் விரலை வைத்து, "இத மேல தள்ளுங்க" என்றார். விரல் லேசாகத்தான் அசைந்தது.

"இந்த வீக்னெஸ் எப்பலருந்து? யாராவது மிதிச்சாங்களா, இழுத்து விட்டாங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. "யாரும் தொடலம்மா. பஸ் படியில வழுக்கிட்டு. கால் ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கு" என்றார். வீட்டில் தங்கையிடமும் அந்த பஸ் படிக் கதையைத்தான் சொல்லி வைத்திருந்தார். எனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் நான் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார். கீழ்முதுகில் விரலால் எலும்பை ஒவ்வொன்றாகத் தடவிவந்து ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தார். என் குதிகால் பதிந்த அதே இடம். அழுத்தத் தோளைச் சாய்த்தபோது என் வாய் தானாகத் திறந்தது. "கைய எடுத்துருங்கம்மா. நான்தான் மிதிச்சேன். அதுக்குப் பொறவுதான் கால் தூக்கல."

கையை எடுத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. ஒன்றுக்குப் போவதில் சிரமம் இருக்கிறதா, தொடை இடுக்கு மரத்திருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தார். இருந்தால் ஆபத்தாம். அவர் இல்லை என்றதும் அந்தப் பெண் மூச்சு விட்டார். "பழைய வீக்னெஸ்னா மெதுவா ஆரம்பிக்கலாம் சார். புதுசா பாதம் தொங்கிப் போயிருந்தா நாங்க தொடக்கூடாது. மொதல்ல டாக்டர், ஸ்கேன். இன்னைக்கே மதுரைக்குக் கெளம்புங்க" என்றார்.

ஸ்கேனில் முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருந்தது. என் மிதியால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். தட்டு முன்னாலேயே பிதுங்கியிருக்கலாம், மிதித்தது அதை இன்னும் தள்ளியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். காலில் கொஞ்சம் பலம் மிச்சம் இருப்பதால் உடனே ஆபரேஷன் வேண்டாம், பலம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவோம் என்று மருந்து கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, மறுபடி அதே பெண்ணிடம் அனுப்பினார்.

அதன் பிறகு பல மாதம் நான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய் மாப்பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். முரட்டு அழுத்தம் எதுவும் கிடையாது. பின்பக்கத்துச் சதை கல்லாக இறுகியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துச் சும்மா காத்திருப்பார், அது தானாக இளகும் வரை. இடுப்பை ஊஞ்சல் மாதிரி லேசாக ஆட்டிவிடுவார். முழங்காலை நீட்டி மடக்கி, நரம்பு சிக்கில்லாமல் முன்னும் பின்னும் நகரப் பழக்குவார். கால் சுருக்கென்றால் அங்கேயே நிறுத்திவிடுவார். வீட்டில் செய்ய நாலு பயிற்சி.

ஒருநாள் மாப்பிள்ளை முகம் செத்துப்போய் வந்தார். "கால்ல கொறஞ்சிட்டு, இப்ப இடுப்புலல்லா வலிக்கி" என்றார். அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தார். வலி காலை விட்டு மேலே ஏறினால் நல்லதாம், நரம்பு விடுபடுகிறது என்று அர்த்தமாம். "அப்ப அடுத்து தலைக்கு ஏறிரும், அங்கதான் ஒண்ணும் இல்லையே" என்றார் மாப்பிள்ளை. நானும் சிரித்தேன். எனக்குத்தான் சிரிக்கத் தகுதி இல்லை.

வலி போய்விட்டது. பெருவிரலுக்கு மட்டும் பழைய பலம் முழுசாகத் திரும்பவில்லை. கிளட்சுக்குக் கால் தூக்குவதில் ஒரு தயக்கம் நின்றுவிட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை இனித் தொட மாட்டேன் என்று அவரே சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது பஸ் ஷெட்டில் கணக்கு எழுதுகிறார். பின்பட்டை வைத்த செருப்புதான் போடுகிறார்.

போன மாதம் தங்கையிடம் சொல்லிவிட்டேன். "அவகிட்ட சொல்லாதீங்க மச்சான், முடிஞ்சு போனது" என்று மாப்பிள்ளை எத்தனையோ முறை கேட்டும் என்னால் முடியவில்லை. "நீங்க மட்டும் இல்லன்னா அவிய கதி என்னண்ணே" என்று சொல்லிச் சொல்லி அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக்காய் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மிதிக்கும்போது அது நரம்புன்னு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

அவள் காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் யாராவது வாசலுக்கு வருகிறார்கள். வலி எங்கே தொடங்கி எதுவரை ஓடுகிறது என்று கேட்டு, டாக்டரிடம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால், இந்த வயதில் இத்தனை களைப்பு இருந்திருக்காது.