திட்டமிடலுக்காக மையத்துக்கு விடுமுறை

அனகாபுத்தூரில் சிறப்புக் குழந்தைகளுக்காக நாங்கள் நடத்தும் பகல் பராமரிப்பு மையத்துக்கு இன்று விடுமுறை. அதன் ஐந்தாண்டு வளர்ச்சிக்குத் திட்டம் போட நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

அதற்காக வந்திருந்த ஆலோசகர் சார்ட்டில் "இரு மடங்கு குழந்தைகள்" என்று எழுதும்போது, மகன் கையைப் பிடித்தபடி கேட்டில் நின்றார் லட்சுமி. வீட்டுவேலைக்குப் போகிறவர். நான் எழுந்து கேட்டுக்குப் போனேன்.

"லீவுன்னு யாருமே சொல்லலியே சார்?"

"வாட்ஸப் குரூப்ல போட்டோமேம்மா."

"என்னுது பட்டன் போன் சார். இவன எங்க வுட்டுட்டு வேலைக்குப் போவேன்?"

மகனோடு திரும்பிப் போனார்.

உள்ளே ஆலோசகர் கேட்டார்: "சார், உங்க ஸ்ட்ரெங்த் என்ன?"

"பேரண்ட்ஸ் எங்க மேல வெச்சிருக்கிற நம்பிக்கை" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்தப் பதிவுக்கு லைக் போடாதீர்கள். வந்து திட்டுங்கள். கமெண்டாவது இன்று திறந்திருக்கிறது.